வீடியோவின் மேல் தேதி எழுதாதீர்கள். முதலில் கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீடியோ எடிட்டிங் சாப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்தவுடன் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, "வீடியோவின் மூலையில் தேதியும் நேரமும் ஓடுவது போல எப்படி அமைப்பது?" என்பதுதான். நண்பர்கள், உறவினர்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சாப்ட்வேர் இஞ்சினியராக இருப்பதால் நானும் உடனே வழி சொல்லிக் கொடுத்து வந்தேன். இப்போது சொல்வதில்லை. "அதற்கு வழி இருக்கிறது. ஆனால் முதலில் வேறு மூன்று வேலைகளைச் செய்யுங்கள்" என்று சொல்கிறேன். ஏன் இப்படி மாறினேன் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

என் அம்மாவின் ஊர் சுண்ணாம்புக்குளம். கும்மிடிப்பூண்டி பக்கம், ஆந்திர எல்லைக்கு அருகில் உள்ள பழவேற்காடு ஏரிப் பகுதி ஊர். மாமா ஏரியில் மீன் பிடிப்பவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுவிட்டு, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். அன்று விடியற்காலை 4 மணி சுமாருக்கு மாமாவின் வலைகள் வைத்திருந்த கொட்டகை சரிந்து தண்ணீரில் போனது. மாமா மகன் டார்ச் வெளிச்சத்தில் அதை போனில் வீடியோ எடுத்தான். பொழுது விடிந்த பிறகு, உடைந்து கிடந்த படகை பக்கத்து வீட்டு அண்ணன் தன் போனில் எடுத்தார். இன்னொருவர் பழைய ஹேண்டிகேமில் தெரு முழுவதையும் எடுத்தார்.

நிவாரணத்திற்கு மனு கொடுக்கும்போது வீடியோவையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று முடிவானது. "தேதி, நேரம் தெரியுற மாதிரி போட்டுக் குடுங்க" என்று கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவரும் நல்ல மனதோடு, காசு வாங்காமல், பைலில் பதிவாகியிருந்த நேரத்தைப் பார்த்து பெரிய மஞ்சள் எழுத்துகளில் படத்தின் மீதே பதித்துக் கொடுத்தார். அங்கேதான் வந்தது வம்பு.

மனுவில் "5ஆம் தேதி விடியற்காலை 4 மணி" என்று இருந்தது. வலைகளின் வீடியோவில் "4ஆம் தேதி இரவு 10.40" என்று இருந்தது. ஹேண்டிகேம் எடுத்த காட்சியில் 2012ஆம் ஆண்டு ஜனவரி 1 என்று இருந்தது! மனுவை வாங்கிய அலுவலர், "எதை நம்புவது?" என்று கேட்டதில் தவறே இல்லை.

மாமா என்னைக் கூப்பிட்டார். "இன்னா மாப்ள, கம்ப்யூட்டர் படிச்சவன் நீ. ஒரு மணி கூடவா அதுக்கு சரியா காட்டத் தெரியல?"

ஐந்தரை மணி நேர மர்மம்

இரண்டு நேரங்களையும் தாளில் எழுதிப் பார்த்தேன். வீடியோவில் இருந்தது இரவு 10.40. மாமா மகன் எடுத்ததாகச் சொன்னது விடியற்காலை 4.10. வித்தியாசம் சரியாக 5 மணி 30 நிமிடம். உடனே விளங்கிவிட்டது.

நம் போன்கள் எடுக்கும் எம்.பி.4 வீடியோ பைலுக்குள், அது உருவான நேரம் தனியாக எழுதப்படுகிறது. இது நம் ஊர் நேரத்தில் எழுதப்படுவதில்லை. யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. இந்திய நேரம் இதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பது. எனவே விடியற்காலை 4.10க்கு எடுத்த வீடியோவுக்குள் முந்தைய நாள் இரவு 22.40 என்றுதான் இருக்கும். போனின் கேலரியில் பார்த்தால் போனே ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டிவிடும். விண்டோஸில் பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், பின் டீட்டெய்ல்ஸ் டேப் சென்றால் 'மீடியா கிரியேட்டட்' என்ற வரியிலும் கூட்டியே காட்டப்படும். ஆனால் சில சாப்ட்வேர் தொகுப்புகள் கூட்டாமல் உள்ளே இருப்பதை அப்படியே காட்டும். எடிட்டர் அண்ணன் பார்த்தது அப்படி ஒன்றில். அவர் பொய் எழுதவில்லை. கண்ணில் பட்டதை எழுதினார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில கேமராக்கள் யு.டி.சி. என்ற கணக்கே இல்லாமல், கேமராவில் என்ன மணியோ அதையே எழுதிவிடும். அந்தப் பைலை விண்டோஸில் பார்த்தால் ஐந்தரை மணி கூடுதலாகத் தெரியும். காலை 7 மணிக்கு எடுத்தது பகல் 12.30 என்று வரும்.

2012 ஜனவரி 1 ஏன் வந்தது? கேமராவுக்குள் கடிகாரத்திற்கென்று சிறிய பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்துவிட்டால் கடிகாரம் கம்பெனியில் வைத்த முதல் தேதிக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் "தேதியை அமைக்கவும்" என்று அது கேட்டிருக்கும். அவசரத்தில் யார் அமைக்கிறார்கள்?

"ஐந்தரை மணி நேரம்தான் குழப்பம்" என்று ஒரு பக்கத்திற்கு விளக்கம் எழுதி எடுத்துக்கொண்டு நானே அலுவலகத்திற்குச் சென்றேன். அவர் பொறுமையாகப் படித்தார். "ஒரிஜினல் பைலைக் காட்டுங்கள்" என்றார். அது இல்லை. போனில் இடம் இல்லை என்று மாமா மகன் அழித்துவிட்டான். மிச்சம் இருந்தது மெசேஜ் ஆப் வழியாக யாருக்கோ அனுப்பிய பிரதி. அதில் நேரம் எதுவும் இல்லை. எடிட்டரிடம் இருந்தது மஞ்சள் எழுத்து பதித்த பைல் மட்டுமே. "நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம் தம்பி. ஆனால் நான் பைலில் வைக்க என்ன இருக்கிறது?" என்றார். இருட்டில் எடுத்த படம். இரவு 10.40 என்றாலும் அதே இருட்டு, 4.10 என்றாலும் அதே இருட்டு. படத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது.

படகின் வீடியோ ஒரிஜினலாக அண்ணன் போனில் இருந்ததால் அது ஏற்கப்பட்டது. வலைகள் கணக்கில் சேரவில்லை. ஏரியில் தொழில் செய்பவருக்கு வலை போவது என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

டைம்கோட் என்பது என்ன?

நம்மில் பலர் 'டைம்கோட்' என்றால் வீடியோவின் மேல் ஓடும் எழுத்து என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். அது தவறு. டைம்கோட் என்பது ஒவ்வொரு பிரேமுக்கும் தரப்படும் முகவரி. மணி, நிமிடம், விநாடி, பிரேம் என நான்கு ஜோடி எண்கள். 04:10:32:17 என்றால் 4 மணி 10 நிமிடம் 32 விநாடியில் எண் 17 கொண்ட பிரேம். நம் நாட்டு பால் முறையில் ஒரு விநாடிக்கு 25 பிரேம் என்பதால் கடைசி எண் 00 முதல் 24 வரை செல்லும். திரையில் தெரிவது இந்த முகவரியின் எழுத்து வடிவம் மட்டுமே. முகவரி பைலுக்குள் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரையில் காட்டலாம், மறைக்கலாம். படத்தின் மேல் எழுதிவிட்டால் மறைக்க முடியாது. திருத்தவும் முடியாது.

இதற்கும் எங்கள் ஏரிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது எனக்கே பின்னால் தெரிந்ததுதான். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9 அன்று சிறிய ரோகிணி ராக்கெட்டுடன் தொடங்கி, 2023 ஜூலை 14இல் சந்திரயான்-3 வரை அங்கிருந்தே கிளம்பின. ஒரு ராக்கெட்டைப் பல இடங்களில் இருந்து பல கேமராக்களும் கருவிகளும் பதிவு செய்யும்போது, எல்லாவற்றிலும் ஒரே நேரம் இருந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். இதற்காக அமெரிக்காவின் ராக்கெட் தளங்கள் ஐரிக் என்ற நேரக் குறியீட்டு முறையை 1960இல் தரப்படுத்தின. டெலிவிஷன் எடிட்டிங்கிற்கான டைம்கோட் 1967இல் அதே யோசனையில் இருந்து பிறந்தது. பின்னர் எஸ்.எம்.பி.டி.இ. அமைப்பு அதைத் தரப்படுத்தியது. இன்று உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எடிட்டிங் சாப்ட்வேரில் ஓடும் எண்கள் அந்த வழியில் வந்தவையே.

ஊரில் ராக்கெட் போவதை எல்லோரும் போனில் எடுப்பார்கள். மூன்று பேர் எடுத்ததை ஒன்றாக்கும்போது சத்தத்தை வைத்துப் பொருத்தாதீர்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். ஏவுதளம் 25 கிலோமீட்டர் என்று வைத்துக் கொண்டால், நெருப்பு தெரிந்து ஒரு நிமிடத்திற்கு மேல் கழித்துத்தான் இரைச்சல் வரும். இருவர் 340 மீட்டர் தள்ளி நின்றாலே ஒரு விநாடி, அதாவது 25 பிரேம் வித்தியாசம் வந்துவிடும். வெளிச்சம் தோன்றும் பிரேமை வைத்துப் பொருத்துங்கள்.

எடிட்டிங்கில் கவனிக்க வேண்டியவை

எடிட்டிங் சாப்ட்வேரில் இரண்டு விதமான டைம்கோட் உண்டு. ஒன்று, எடுத்த வீடியோவுக்கே உரிய 'சோர்ஸ்' டைம்கோட். மற்றொன்று, நீங்கள் வெட்டி ஒட்டி அடுக்கும் டைம்லைனின் டைம்கோட். புதியவர்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புவார்கள். டைம்லைனில் 00:05:00:00 என்றால் உங்கள் படம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகிறது என்று பொருள். அந்தக் காட்சி எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பல வீட்டு கேமராக்களிலும் போன்களிலும் சோர்ஸ் டைம்கோட் என்று எதுவும் இருக்காது. ஒவ்வொரு கிளிப்பும் பூஜ்யத்தில் இருந்து தொடங்கும்.

டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பின் இலவசப் பதிப்பில் இதைச் சரி செய்ய வசதி தரப்பட்டுள்ளது. மீடியா பூலில் உள்ள கிளிப் மீது ரைட் கிளிக் செய்து, 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் 'டைம்கோட்' டேபிற்குச் செல்லவும். அங்கு, காட்சி எடுக்கத் தொடங்கிய உண்மையான நேரத்தை அமைத்து ஓகே செய்திடவும். படம் சிறிதும் மாறாது. முகவரி மட்டும் மாறும். திரையில் காண விரும்பினால் 'வொர்க்ஸ்பேஸ்' மெனுவில் 'டேட்டா பர்ன்-இன்' சென்று 'சோர்ஸ் டைம்கோட்' கட்டத்தில் டிக் அடையாளம் ஏற்படுத்தவும். இந்தத் தொகுப்பிற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் அதிக ராம் மெமரியும் தேவை.

சாதாரண கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஷாட்கட் என்ற இலவசத் தொகுப்பு போதும். வீடியோவை டைம்லைனில் வைத்து, இடது பக்கம் உள்ள 'அவுட்புட்' என்பதில் கிளிக் செய்திடவும். 'பில்டர்ஸ்' பிரிவில் கூட்டல் குறியை அழுத்தி 'டெக்ஸ்ட்: சிம்பிள்' தேர்ந்தெடுக்கவும். அதில் உள்ள 'டைம்கோட்' பட்டனை அழுத்தினால் எண்கள் ஓடத் தொடங்கும். இது டைம்லைனின் நேரம், எடுத்த நேரம் அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, பிரேம் வேகம். அமெரிக்க முறையில் விநாடிக்கு 29.97 பிரேம். இதை 30 என்று எண்ணிக் கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் 108 பிரேம், அதாவது மூன்றரை விநாடிக்கு மேல் பிசகும். 'டிராப் பிரேம்' முறையில் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டிவிடுவார்கள். பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. தாண்டுவது எண்களைத்தான்; படத்தில் எந்த பிரேமும் நீக்கப்படுவதில்லை. போன்களிலோ வேகமே நிலையாக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் பிரேம் எண்ணிக்கையும் குறையும். ஹேண்ட்பிரேக் போன்ற தொகுப்பில் 'கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்' தேர்ந்தெடுத்து ஒரு பிரதி தயாரித்து, அந்தப் பிரதியில் எடிட் செய்தால் சத்தமும் படமும் விலகிப் போகாது. ஒரிஜினலைத் தொடாதீர்கள்.

என் கருத்து

"திரையில் தேதி தெரிந்தால்தானே நம்பிக்கை வரும்?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை என்பதே என் பதில். மேலே சொன்ன வழியில் எந்தத் தேதியையும் இரண்டு நிமிடத்தில் நானும் பதிக்கலாம், நீங்களும் பதிக்கலாம். அது நிரூபிப்பது ஒன்றே ஒன்றுதான்: யாரோ ஒருவர் அங்கே எழுதினார் என்பதை. தவறாக எழுதிவிட்டால், உண்மையான படத்தையே பொய்யாக்கிவிடும். மாமாவுக்கு நடந்தது அதுதான்.

பர்ன்-இன் எழுத்துக்குப் பயன் இல்லாமல் இல்லை. கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, "அந்த பந்தி சீனை எடுத்துடுங்க" என்று பெண்ணின் அப்பா சொன்னால் எடிட்டர் எந்த சீன் என்று தேடுவார். "00:42:10 முதல் 00:43:05 வரை" என்று சொன்னால் வேலை முடிந்தது. இப்படிப் பார்த்துத் திருத்தம் சொல்வதற்கான பிரதியில் தாராளமாக எண்களை ஓட விடுங்கள். ஒரிஜினலிலும் கடைசிப் பிரதியிலும் வேண்டாம்.

தவறு நம்முடையது மட்டும் அல்ல என்றும் சொல்லியாக வேண்டும். சாப்ட்வேர் எழுதும் தொழிலில் இருக்கும் எங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு நேரத்தைக் காட்டும்போது அது எந்த ஊர் நேரம் என்று பக்கத்தில் மூன்று எழுத்து போடுவது பெரிய வேலையே அல்ல. கடிகாரம் செத்துப்போன கேமரா 2012 என்று தைரியமாக எழுதுவதைவிட, தேதியே எழுதாமல் விடுவது நேர்மை. வீட்டில் உபயோகிப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்து மறைத்து விடுகிறோம். ஆனால் ஸ்டுடியோவில் நேரம் பிசகினால் மறுபடி படம் எடுக்கலாம். புயலை மறுபடி எடுக்க முடியுமா?

செய்ய வேண்டிய மூன்று வேலைகள்

முதலாவது, கடிகாரம். போனில் நேரத்தைத் தானாக அமைத்துக் கொள்ளும் வசதியை ஆன் செய்து வையுங்கள். கேமராவாக இருந்தால் மாதம் ஒரு முறை போனைப் பார்த்துச் சரி செய்யுங்கள். நாளுக்கு ஒரு விநாடி பிசகினாலும் ஆண்டுக்கு 6 நிமிடம் ஆகிவிடும். கேமராவின் பேட்டரி செத்துவிட்டதா? கவலை வேண்டாம். ரெக்கார்ட் பட்டனை அழுத்தியவுடன் ஐந்து விநாடி, தேதியும் விநாடியும் தெரியும் போன் திரையைப் படம் பிடித்துவிட்டு, நிறுத்தாமல் காட்சிக்குத் திரும்புங்கள். இதைவிட எளிய டைம்கோட் கிடையாது.

இரண்டாவது, ஒரிஜினல். எடுத்தவுடன் கேபிள் வழியாக கம்ப்யூட்டருக்கு மாற்றி, 'ஒரிஜினல்' என்று ஒரு போல்டரில் போடுங்கள். பைல் பெயருக்கு முன்னால் 2023-12-05_0410 என்பது போல ஆண்டு, மாதம், நாள், இந்திய நேரம் சேர்த்தால் போல்டரில் தாமாகவே வரிசையில் நிற்கும். இன்னொரு பிரதியை பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ வையுங்கள். மெசேஜ் ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, உள்ளே உள்ள நேரமும் போய்விடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

மூன்றாவது, கைரேகை. 7-ஜிப் தொகுப்பை இன்ஸ்டால் செய்திருந்தால் பைல் மீது ரைட் கிளிக் செய்து எஸ்.எச்.ஏ.-256 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம் கிடைக்கும். அதைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பைலில் ஒரு பிட் மாறினாலும் இந்தச் சரம் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63ஆவது பிரிவில், மின்னணு ஆவணத்துடன் தர வேண்டிய சான்றிதழ் படிவத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் வக்கீல் அல்ல. ஆனால் சட்டமே மஞ்சள் எழுத்தைக் கேட்கவில்லை, இந்தச் சரத்தைத்தான் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பழவேற்காடு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொள்வார்கள். நாளும் இடமும் மாறினால் சண்டைதான். நேரத்தின் அருமையை அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கருவி காட்டுவதை அப்படியே நம்பக் கூடாது என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது, மாமா மகன் ஏரிக்கரையில் புது வலையைப் படம் எடுத்துக் கொண்டிருந்தான். முதலில் அவன் அப்பாவின் போன் திரையை ஐந்து விநாடி காட்டிவிட்டுத்தான் வலைப் பக்கம் திரும்பினான். மாமா சிரித்தார். "இப்பவாவது மணி சரியா இருக்குதா மாப்ள?" என்றார். பார்த்தேன். சரியாக இருந்தது.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்தவுடன், உங்கள் கேமராவின் மெனுவைத் திறந்து தேதியை ஒரு முறை பாருங்கள். எடிட்டிங்கை எல்லாம் பிறகு கற்றுக் கொள்ளலாம்.